நிரலை அடுக்கும் கருவி: பொத்தானுக்கு முன்னும் பின்னும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையதள நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் ‘ஃபார்மேட்டர்’ கருவிகள் பற்றித் தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரை நல்ல அறிமுகம். ஆனால் ‘எடிட்டரில் நீட்சியை நிறுவுங்கள், சேமிக்கும்போது தானாக அடுக்கும்படி வையுங்கள், அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டார்கள். தனியாக எழுதுபவருக்கு அது போதும். நான்கு பேர் ஒரே களஞ்சியத்தில் (நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் பொது இடத்தில்) வேலை செய்யும்போது அதை மட்டும் செய்தால், ஒருவர் அடுக்கியதை இன்னொருவர் கலைப்பதே தினசரி வேலையாகிவிடும். எல்லாரிடமும் ஒரே கருவி, ஒரே பதிப்பு, ஒரே அமைப்பு ஓட வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியது திட்டக் கோப்புறை. ஒவ்வொருவருடைய எடிட்டரின் விருப்பத்துக்கு அதை விடக்கூடாது. கட்டுரையில் விடுபட்டது இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கருவி செய்வது என்ன என்று பார்ப்போம். 2017-இல் வெளிவந்து இன்று பரவலாக ஓடும் பிரிட்டியரையே எடுத்துக்கொள்வோம். அது நிரலைப் படித்து இலக்கண மரமாக (நிரலின் அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் வடிவமாக) மாற்றுகிறது. நீங்கள் போட்ட இடைவெளிகளையும் வரி முறிவுகளையும் ஏறக்குறைய முழுவதுமாகத் தள்ளிவிட்டு, அந்த மரத்திலிருந்து நிரலைப் புதிதாக எழுதுகிறது. அதனால் இலக்கணப் பிழை உள்ள கோப்பை அது தொடவே தொடாது. ‘சேமித்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்பவர்கள் அமைப்புக் கோப்பைத் துருவுமுன் மூடாத அடைப்புக்குறி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வரிக்கு 80 எழுத்து என்பதும் ஒரு இலக்குதான். நீளமான சரத்தை நடுவில் உடைத்து அது 80-க்குள் அடக்காது.

‘ஏறக்குறைய’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வரிசையாக விட்ட வெற்று வரிகளை ஒன்றாகச் சுருக்கும், ஆனால் அந்த ஒன்றை விட்டுவைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பொருளின் { குறியைத் திறந்ததும் வரி முறித்து முதல் பண்பை எழுதியிருந்தால், ஒரே வரியில் அடங்கக்கூடிய பொருளானாலும் விரித்தே வைக்கும். சுருங்க வேண்டுமானால் அந்த முதல் வரி முறிவை அழித்துவிட்டுச் சேமிக்க வேண்டும். ‘ஒரே கருவி, ஒரே அமைப்பு, ஆனாலும் இருவருக்கு இரு வடிவம் வருகிறதே’ என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்தள்ளல் 2 இடைவெளி, அரைப்புள்ளி உண்டு, இரட்டை மேற்கோள் என்று இயல்பிருப்பாக வருவதை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஒரு மாதச் சண்டை மிச்சம். ஒன்றில் மட்டும் என் கருத்து வேறு: உள்தள்ளலுக்கு டேப் மேலானது. டேப்பாக இருந்தால் படிப்பவர் தம் திரையில் அகலத்தைத் தமக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கும், ஒரு டேப்புக்கு ஒரு கட்டம் மட்டுமே செலவாகும் பிரெய்ல் காட்டியில் படிப்பவர்களுக்கும் அது பெரிய வசதி. பயோம் என்ற புதிய கருவி டேப்பையே இயல்பிருப்பாக வைத்திருக்கிறது.

பதிப்பு எண் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். பிரிட்டியரை நிறுவும்போது ‘சேவ்-எக்ஸாக்ட்’ விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், திட்டத்துக்குத் தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் எண்ணுக்கு முன்னால் ^ குறி வந்து நிற்கும்; பிறகு நிறுவுபவருக்கு அதைவிடப் புதிய பதிப்பு வந்துவிடலாம். மற்ற தொகுப்புகளில் சிறு பதிப்பு மாற்றம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது. ஃபார்மேட்டரிலோ சிறு திருத்தம்கூட நூறு கோப்புகளில் வரிகளை நகர்த்திவிடும். பெரிய பதிப்புகளைச் சொல்லவே வேண்டாம்: 2020-இல் வந்த 2.0 பதிப்பு, ஒரே ஒரு அளபுரு (உள்ளீடு) கொண்ட ஏரோ ஃபங்ஷனுக்கும் (=> குறியால் எழுதும் ஃபங்ஷன்) அடைப்புக்குறி போடுவதை இயல்பாக்கியது; 2023-இல் வந்த 3.0 பதிப்பு, ஃபங்ஷன் அளபுருக்களிலும் கடைசிக் காற்புள்ளியை இயல்பாக்கியது. அந்தக் காற்புள்ளி பார்க்க உறுத்தும். ஆனால் பட்டியலின் அடியில் புதிதாக ஒன்று சேர்த்தால் மாற்றப் பட்டியலில் ஒரு வரிதான் தெரியும். அது இல்லாவிட்டால் மேல் வரியில் காற்புள்ளி சேர்த்ததும் ஒரு மாற்றமாகத் தெரியும்.

தொகுப்புகளின் துல்லியமான பதிப்பு எண்களைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பைக் களஞ்சியத்தில் வைத்து, அதன்படியே நிறுவும் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையைப் பயன்படுத்துவதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. 2025 ஜூலையில், ‘இஎஸ்லின்ட்-கன்ஃபிக்-பிரிட்டியர்’ என்ற துணைத் தொகுப்பைப் பராமரிப்பவரின் கணக்கு மோசடி மின்னஞ்சல் வழியாகப் பறிபோனது. விண்டோஸ் கணினிகளைக் குறிவைத்த தீங்கு நிரல் அதன் சில பதிப்புகளில் ஏறி வெளியானது. நிரலை அழகாக்கும் கருவிதானே, இதில் என்ன ஆபத்து என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பதிப்பைப் பூட்டிய பிறகும் எடிட்டர் காலை வாரும். விஎஸ் கோட் எடிட்டரில் எச்டிஎம்எல்லுக்கு என உள்ளமைந்த வேறொரு ஃபார்மேட்டர் இருக்கிறது. ஒருவருக்கு அது ஓடும், பக்கத்தில் இருப்பவருக்குப் பிரிட்டியர் ஓடும். ஒரே பக்கம் கமிட்டுக்குக் கமிட் (களஞ்சியத்தில் மாற்றத்தைப் பதியும் ஒவ்வொரு முறையும்) இங்கும் அங்கும் புரண்டுகொண்டிருக்கும். ‘.விஎஸ்கோட்’ கோப்புறையில் உள்ள செட்டிங்ஸ்.ஜேசன் கோப்பில் எது இயல்பு ஃபார்மேட்டர் என்று எழுதி, அந்தக் கோப்பையும் களஞ்சியத்தில் சேர்த்துவிட வேண்டும். திட்டத்தில் பிரிட்டியர் நிறுவப்பட்டிருந்தால் எடிட்டரின் நீட்சி அதையே எடுத்துக்கொள்ளும். நிறுவியிராவிட்டால் தன்னோடு வந்த பதிப்பை ஓட்டும். புதிதாகச் சேர்ந்தவர் தொகுப்புகளை நிறுவாமலே கோப்பைத் திறந்து சேமித்தால் மாற்றம் குவிவது இதனால்தான்.

விண்டோஸும் லினக்ஸும் கலந்த குழுவில் வரி முடிவுக் குறி இன்னொரு தொல்லை. 2.0 முதல் பிரிட்டியர் லினக்ஸ் பாணி வரி முடிவையே எதிர்பார்க்கிறது. களஞ்சியத்தின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவி விண்டோஸில் கோப்பை இறக்கும்போது தன் பாணிக்கு மாற்றி வைத்தால் ஒவ்வொரு வரியும் பிழையாகத் தெரியும். ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் எல்லா உரைக் கோப்புக்கும் வரி முடிவு ‘எல்எஃப்’ (லினக்ஸ் பாணி) என்று ஒரே ஒரு வரி எழுதி, கிட்டின் ‘ரீநார்மலைஸ்’ விருப்பத்தை ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

பல ஆண்டு நிரல் இருக்கும் களஞ்சியத்தில் கருவியை முதல் தடவை ஓட்டுவது தனி வேலை. ஒரு வரி நிரல் மாற்றம்கூட இல்லாமல், அடுக்கல் மட்டுமே அடங்கிய தனிக் கமிட்டாக அது இருக்க வேண்டும். தர்க்கத் திருத்தத்தையும் அதில் சேர்த்தால் ரிவ்யூ செய்பவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்து, அந்தக் கமிட்டின் முழு அடையாளத்தை ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ என்ற கோப்பில் எழுதி, கிட்டுக்கு அந்தக் கோப்பைக் காட்டிக்கொடுங்கள். 2019-இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால், ஒரு வரியை யார், எதற்காக எழுதினார் என்று தேடும்போதெல்லாம் அடுக்கியவர் பெயரே வரும்.

அப்போது பாதியில் நிற்கும் பிராஞ்ச்களை (தனியாகப் பிரித்து எழுதிவரும் கிளைகளை) நேரடியாக மெர்ஜ் செய்தால் (இணைத்தால்) மோதல் மழைதான். வழி இருக்கிறது. அடுக்கல் கமிட்டுக்குச் சற்று முந்தைய கமிட் வரை உள்ளதை முதலில் பிராஞ்ச்சில் மெர்ஜ் செய்யுங்கள். பிறகு அதே பதிப்பு, அதே அமைப்போடு ஃபார்மேட்டரை பிராஞ்ச்சில் ஓட்டிக் கமிட் செய்யுங்கள். அடுக்கல் கமிட்டை ‘அவர்ஸ்’ உத்தியால் மெர்ஜ் செய்யுங்கள். நம் பக்கம் இருப்பதே அப்படியே நிற்கும். அதற்குப் பின் வந்தவற்றை வழக்கம்போல மெர்ஜ் செய்யலாம்.

இனி எச்டிஎம்எல். ஃபார்மேட்டர் நிரலின் பொருளை மாற்றாது என்ற நம்பிக்கை சற்றே ஆட்டம் காணும் இடம் இது. ஜாவாஸ்கிரிப்டில் இடைவெளிக்குப் பெரும்பாலும் பொருளில்லை. எச்டிஎம்எல்லில், வரிக்குள்ளேயே நிற்கும் இரண்டு ஸ்பேன் குறிச்சொற்களுக்கு நடுவே வரி முறித்தால், உலாவி அதை ஒரு இடைவெளியாகத் திரையில் காட்டும். பிரிட்டியருக்கு இது தெரியும். அதனால் இடைவெளி இல்லாத இடத்தில் இடைவெளி உண்டாக்காமலிருக்க, குறிச்சொல்லின் உள்ளேயே வரி முறித்து > குறியை அடுத்த வரியின் தலைப்பில் தொங்கவிடும். பார்க்க அசிங்கம்தான். அந்த அசிங்கத்தைப் பொறுக்க முடியாமல் ‘எச்டிஎம்எல் இடைவெளி உணர்வு’ அமைப்பை ‘இக்னோர்’ என்று மாற்றிவிடுகிறார்கள். உடனே நிரல் அழகாகிறது. சொல்லுக்கும் முற்றுப்புள்ளிக்கும் நடுவே திரையில் ஒரு ஓட்டை விழுகிறது.

இயல்பிருப்பான ‘சிஎஸ்எஸ்’ என்ற மதிப்பிலும் ஒரு கண்ணி உண்டு. பெயரைப் பார்த்து அது நம் ஸ்டைல் கோப்பைப் படிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் இயல்பாக உள்ள காட்சி வகையை மட்டுமே அது பார்க்கிறது. டிவ் என்றால் பிளாக் (தனி வரியில் நிற்பது), சுற்றி இடைவெளி விட்டால் குற்றமில்லை என்று எடுத்துக்கொள்ளும். நீங்களோ ஸ்டைல் கோப்பில் அந்த டிவ்களை ‘இன்லைன்-பிளாக்’ (ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும் பெட்டி) ஆக்கி, நான்குக்கும் தலா 25 விழுக்காடு அகலம் கொடுத்து, நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒட்டி எழுதியிருக்கிறீர்கள். ஃபார்மேட்டர் ஒவ்வொன்றையும் தனி வரியில் வைக்கும். ஒவ்வொரு வரி முறிவும் ஒரு இடைவெளி. 16 பிக்சல் எழுத்தில் அது ஏறத்தாழ 4 பிக்சல். மூன்று இடைவெளி சேர்ந்ததும் மொத்தம் 100 விழுக்காட்டைத் தாண்டி, நான்காவது பெட்டி கீழ் வரிசைக்கு விழுந்துவிடும். ‘ஸ்ட்ரிக்ட்’ என்று அமைத்தால் எல்லா இடைவெளியையும் கருவி மதிக்கும். ஆனால் அந்தப் பெட்டிகளைத் தாங்கும் உறுப்பை ‘ஃப்ளெக்ஸ்’ ஆக்குவதே சரியான தீர்வு. அதற்குள் வெற்று இடைவெளிக்கு மதிப்பே இல்லை; வேண்டிய இடைவெளியை ‘கேப்’ பண்பால் கொடுத்துக்கொள்ளலாம்.

பிழையைத் திருத்துவது ஃபார்மேட்டரின் வேலையில்லை என்று கட்டுரை சொன்னது சரி. ஆனால் பிழையைக் கண்ணுக்குக் காட்டும். ‘ரிட்டர்ன்’ என்று எழுதி, { குறியை அடுத்த வரியில் வைத்து ஒரே ஒரு பண்பு கொண்ட பொருளைத் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்ட் ‘ரிட்டர்ன்’ முடிந்த இடத்திலேயே தானாக அரைப்புள்ளி போட்டுக்கொள்ளும்; எதுவும் திரும்பி வராது. ஃபார்மேட்டரை ஓட்டினால் அந்த மறைந்திருந்த அரைப்புள்ளி ‘ரிட்டர்ன்’ பக்கத்தில் எழுத்தாகவே வந்து நிற்கும். பொருளில் இரண்டு பண்புகள் இருந்தால் இலக்கணப் பிழை என்று மறுத்துவிடும். ஆகவே அடுக்கிய பின் புதிதாக முளைத்த அரைப்புள்ளியை ஒருமுறை உற்றுப் பார்ப்பது வீண்போகாது.

பயன்படாத மாறி, தவறான ஒப்பீடு போன்றவற்றைப் பிடிக்க இஎஸ்லின்ட் தனியாக இருக்கட்டும். உள்தள்ளல், மேற்கோள் பற்றிய விதிகளை அதில் அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருக்கும். இஎஸ்லின்ட்டும் 2023-இல் 8.53 பதிப்போடு அடுக்கல் விதிகளைக் கைவிடும் பட்டியலில் போட்டுவிட்டது.

‘.பிரிட்டியர்இக்னோர்’ கோப்பில் பூட்டுக் கோப்புகள், பில்டு கோப்புறை, சுருக்கிய கோப்புகள், பிற கருவிகள் உருவாக்கும் கோப்புகள் எல்லாம் இருக்க வேண்டும். சர்வரில் நிரப்பப்படும் வார்ப்புரு எச்டிஎம்எல்லையும், அந்த மொழிக்கான செருகுநிரல் இல்லாதவரை அதில் சேர்த்துவிடுவதே நல்லது. மூன்றுக்கு மூன்று எண் அணியைக் கட்டம் கட்டமாக எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் மேலே ‘பிரிட்டியர்-இக்னோர்’ என்று ஒரு குறிப்பு போட்டால் அடுத்த கூற்றை விட்டுவிடும்.

இணையப் பக்கத்தில் நிரலை ஒட்டி அடுக்கித் தரும் தளங்களைக் கட்டுரை பரிந்துரைத்திருந்தது. வேலை நிரலுக்கு அவை வேண்டாம். ஒட்டும் துண்டுக்குள் ஏபிஐ சாவியோ தரவுத்தளக் கடவுச்சொல்லோ இருந்தால் அது அந்த நொடியே கைவிட்டுப் போனதாகத்தான் கொள்ள வேண்டும். சுருக்கிய கோப்பை அங்கே விரித்தாலும் உள்தள்ளல்தான் திரும்பும். தொலைந்த மாறிப் பெயர்கள் திரும்பா. அதற்கு சோர்ஸ் மேப் (சுருக்கிய நிரலை மூல நிரலோடு பொருத்திக் காட்டும் கோப்பு) வேண்டும்.

கடைசியாக, சரிபார்ப்பு. கமிட்டுக்கு முன் ‘ஹஸ்கி’, ‘லின்ட்-ஸ்டேஜ்டு’ என்ற துணைக் கருவிகள் சேர்ந்து, மாற்றிய கோப்புகளை மட்டும் அடுக்கும்படி வைக்கலாம். ஆனால் ‘நோ-வெரிஃபை’ என்று ஒரு சொல் சேர்த்தால் அதைத் தாண்டிவிடலாம். அதனால் சர்வரில் ஓடும் சோதனையில் பிரிட்டியரின் ‘செக்’ விருப்பம் கட்டாயம் இருக்கட்டும். அது எதையும் மாற்றாது. அடுக்காத கோப்புகளின் பெயரைச் சொல்லிவிட்டு, பிழைக் குறியீடு 1 தந்து சோதனையை நிறுத்தும். உள்ளூரில் ‘ரைட்’ விருப்பத்தோடு ஓட்டி மறுபடி அனுப்பினால் சரியாகிவிடும். உள்ளூரில் தேறிய நிரல் சர்வரில் மட்டும் விழுந்தால், முதலில் இரண்டு இடத்திலும் பதிப்பு எண்ணை ஒப்பிடுங்கள். அது ஒன்றாக இருந்தால் வரி முடிவைப் பாருங்கள்.

இப்படிக்கு,
இணையதள நிரலாளர் ஒருவர்