படியெடுத்த கல்வெட்டுகளைப் படிக்கத் தாருங்கள்

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 1861இல் அலெக்சாண்டர் கன்னிங்காமை வைத்துத் தொடங்கிய உங்கள் துறையின் பெருமையைச் சொல்ல ஒரு மடல் போதாது. உங்கள் கல்வெட்டுப் பிரிவின் அலமாரிகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தமிழ் மைப்படிகளை, அதாவது கல்வெட்டிலிருந்து தாளில் மையால் ஒற்றி எடுத்த படிகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1886இல் ஹுல்ஷ் சென்னை மாகாணக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றபோது, தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்தவன் யார் என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது. தலபுராணம் வேறு யாரையோ சொல்லிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்ததைப் படித்து, ராஜராஜன் என்று அவர் நிறுவினார். தான் கொடுத்ததோடு நிறுத்தாமல், "அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்ன அரசனின் குரல் அப்படித்தான் நமக்குத் திரும்பக் கிடைத்தது. இதற்காகவே உங்கள் துறைக்குத் தமிழர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

மைப்படி எடுப்பது எளிய வேலையல்ல. கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். பிறகு மையை ஒற்ற வேண்டும். கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும். மை கொஞ்சம் கூடினாலும் எழுத்து மூழ்கிவிடும். வெயிலில் நின்று இதைச் செய்தவர்களின் உழைப்பு நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கிறது.

இதற்கிடையே கல் என்ன ஆனது? திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சில் எழுத்து தேய்ந்தது. பெயிண்டுக்கு அடியில் மறைந்தது. பிரித்துக் கட்டும்போது வரிசை குலைந்தது. அப்படிப்பட்ட கோயில்களில் மைப்படிதான் இனி மூலம். அதுவோ காகிதம்.

உதகமண்டலத்தில் இருந்த உங்கள் கல்வெட்டுப் பிரிவின் அலுவலகம் 1966இல் மைசூருக்குப் போனது. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. எந்த ஊரில் இருக்கின்றன என்பதைவிட, யார் படிக்க முடிகிறது என்பதே என் கவலை. பல கல்வெட்டுகளுக்கு உங்கள் ஆண்டறிக்கையில் இருப்பது இரண்டு மூன்று வரி ஆங்கிலச் சுருக்கம்தான். "நிலக்கொடை" என்று அதில் முடிந்துபோகும் ஒரு கல்வெட்டின் முழு வாசகத்தில் வாய்க்கால் பெயரும், நிலத்தின் நான்கெல்லையும், கையெழுத்திட்ட ஊராரின் பெயர்களும் இருக்கும். அந்த ஊர்க்காரனுக்கு அவைதான் வரலாறு.

பாரத் ஸ்ரீ என்ற மின்களஞ்சியத்தில் முதற்கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகள் ஏற்றப்படும் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் படத்தை மட்டும் ஏற்றினால் பழைய எழுத்தறிந்த சிலருக்கே அது பயன்படும். ஒவ்வொரு மைப்படியோடும் முழு வாசகத்தை இன்றைய தமிழ் எழுத்தில் சேருங்கள். ஊர்ப்பெயரை வைத்துத் தேட வழி செய்யுங்கள். ஆள் போதவில்லை என்றால் பல்கலைக்கழகங்களில் கல்வெட்டியல் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞர்களை அழையுங்கள். படித்துச் சரிபார்க்கும் பொறுப்பை மூத்த அறிஞர்களிடம் கொடுங்கள். திருப்பணி நடக்கப்போகும் கோயில்களின் மைப்படிகளை முதலில் வெளியிடுங்கள். கல்லைப் பிரிக்குமுன் எந்த எழுத்து எந்த வரிசையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ள, வேலை செய்யும் ஸ்தபதியின் கையில் அது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையிலிருந்து ஒரு கல்வெட்டு ஆர்வலர்