சாகத் துணிந்தவன் கோழையா?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தட்சிணாமூர்த்தி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்த சேதியை அகிலா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இங்கே வெயில் இன்னும் தணியவில்லை, கெடிலம் வறண்டு கிடக்கிறது. பண்ருட்டிப் பலா வந்து குவிகிறது. வீடெல்லாம் அந்த வாசனைதான்.

குண்டு வெடித்த மறுநாள் தலைவர்கள் எல்லோரும் ‘கோழைத்தனமான தாக்குதல்’ என்று அறிக்கை விடுகிறார்களே, உயிரை விடத் துணிந்து போனவனை எப்படிக் கோழை என்பது என்று கேட்டிருந்தாய். நாலு நாளாக எனக்கு அதே நினைப்பு. 2008 நவம்பர் 26 அன்று மும்பைக்குள் நுழைந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் அங்கேயே செத்தார்கள். அவர்களுக்குப் பயம் இருந்ததோ இல்லையோ, ரயில் நிலையத்தில் அவர்கள் சுட்டது மூட்டை முடிச்சோடு வண்டிக்குக் காத்துக் கிடந்தவர்களை. அந்தத் தாக்குதல்களில் மொத்தம் 166 உயிர் போனது. எங்கோ பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன செய்வது என்று போனில் சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு. அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஏழாம் வகுப்பு லீவில் உன் மாமா ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பதினெட்டாம் போர் அன்று நாம் தூங்கிவிடக் கூடாதென்று மாமா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். அசுவத்தாமன் லேசுப்பட்டவனா? துரோணர் பெற்ற பிள்ளை, பதினெட்டு நாளும் களத்தில் நின்றவன். எல்லாம் தோற்ற பிறகும் ஓடி ஒளியாமல் நள்ளிரவில் பாண்டவர் பாசறைக்குள் நுழைகிறான். தூங்கிக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகளின் தலைகளைக் கொண்டுவந்து வைத்தபோது, தொடை முறிந்து கிடந்த துரியோதனனே அந்தப் பிஞ்சு முகங்களைப் பார்த்துக் கதறினான். பாயில் உட்கார்ந்திருந்த கிழவிகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். துச்சாதனனுக்குக்கூட அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

நேற்றுச் சாயங்காலம் தேவனாம்பட்டினம் வரை நடந்தேன். அந்தப் பக்கம் போனாலே ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் நினைவுக்கு வந்துவிடும். 1758இல் அதைப் பிடித்துத் தகர்த்த அதே லாலி, இரண்டு வருஷம் கழித்துப் புதுச்சேரிக்குள் ஆங்கிலேயர் முற்றுகையில் சிக்கினான். தானியம் குறைந்ததும் ஊருக்குள் இருந்த நம் சனங்கள் ஆயிரம் பேருக்கு மேல் வெளியே துரத்திவிட்டான். எதிரே ஆங்கிலேயக் காவல் வழிவிடவில்லை. திரும்பினால் பிரெஞ்சுத் துப்பாக்கி. இரண்டு படைக்கும் நடுவில் புல்லின் வேரைத் தின்றுகொண்டு நாள்கணக்கில் கிடந்தார்கள். கடைசியில்தான் ஆங்கிலேயர் மனமிரங்கி விட்டார்கள். 1761 ஜனவரியில் சரணடைந்த ஊரையும் பிறகு இடித்துத் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் பீரங்கிக்கு நேரே நின்ற ஆட்கள்தான், தட்சிணா. பசித்த கிழவிக்கு நேரே துப்பாக்கி நீட்டியபோது அந்த வீரம் எங்கே போனது?

அதற்காக, மறைவில் இருந்து சண்டை போடுகிறவன் எல்லாம் கோழை என்று சொல்ல மாட்டேன். மதிலுக்குப் பின்னால் நின்று அம்பு விட்டவனும் வீரன்தான். யார் மேல் விடுகிறோம் என்று பார்த்தானா, அதுதான் எனக்குக் கணக்கு. பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளை பெறாதவர்களும் அரண் தேடிக்கொள்ளுங்கள், அம்பு விடப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போர் தொடுத்ததாகப் பாண்டிய மன்னன் முதுகுடுமியைப் புறநானூற்றில் நெட்டிமையார் பாடுகிறார். இன்று பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து ஆளில்லா விமானத்தை ஓட்டுகிறவன், கீழே கூடியிருப்பது கல்யாண வீட்டுக் கூட்டமா என்று பாராமல் பொத்தானை அழுத்தினால் அவனுக்கும் அசுவத்தாமனுக்கும் என்ன வித்தியாசம்? அறிக்கை விடுகிறவர்கள் அந்தச் சொல்லை எதிரிக்கு மட்டும் ஒதுக்கி வைக்கிறார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

ஆடியில் ஒரு நடை வந்து போயேன். பக்கத்து ஊரில் பாரதம் வைக்கிறார்கள். பதினெட்டாம் போர் அன்று சேர்ந்து உட்காரலாம். அகிலா உனக்கென்று ஒரு பை பலாக்கொட்டை காயவைத்திருக்கிறாள்.

அன்புடன்,
சௌந்தர்