மண்டரிக்கு எத்தனை பெயர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தென்னையில் சிலந்தித் தாக்குதல் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், ஈரியோபைட் சிலந்தியும் (எங்கள் பக்கத்தில் மண்டரி) செஞ்சிலந்தியும் ஒரே பூச்சி என்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. முன்னது நான்கே கால்களும் புழு போன்ற உடலும் கொண்ட ஈரியோபைடே குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னதோ எட்டுக் கால்களுடைய டெட்ரானிக்கிடே குடும்பம். இரண்டுமே பூச்சியினம் அல்ல, சிலந்தி இனத்தைச் சார்ந்த மிகச் சிறிய உயிரிகள் என்பது வேறு. குடும்பத்துக்குள்ளும் பேரினப் பெயர்கள் (அறிவியல் பெயரின் முதற்சொல்) நிலைத்து நின்றதில்லை: 1965-இல் சிலந்தி ஆய்வாளர் கீஃபர் 'அசேரியா குரெரோனிஸ்' என்று பெயரிட்ட தென்னைச் சிலந்தி, 1971-இல் பேரினங்களின் வகைமாதிரிகள் (பெயருக்கு அடிப்படையான மாதிரி இனங்கள்) மறு ஆய்வு செய்யப்பட்ட பின்னர் 'எரியோபியஸ்' என்றாகி, பிறகு மீண்டும் அசேரியாவுக்கே திரும்பியது.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோப்புக்கு வந்த இரண்டு துண்டறிக்கைகளில் ஒன்றில் எரியோபியஸ் என்ற பழைய பெயரும் மற்றொன்றில் அசேரியா என்ற இன்றைய பெயரும் இருந்ததால், மலையாளத்தில் மண்டரி என்று நாங்கள் நன்கறிந்த அதே உயிரியை இரு வேறு தாக்குதல்கள் என எண்ணி இருமுறை மருந்து வாங்கினேன். ஆகவே, இத்தகைய செய்திகளில் குடும்பப் பெயருடன் இன்றைய பேரினப் பெயரையும், அதன் பழைய பெயரையும், எல்லைப்புற வாசகர்களுக்காக மண்டரி என்ற வழக்குச் சொல்லையும் ஒரே வரியில் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.