ஆண்டறிக்கை: லெ சேபர் காரைப் பேசித் தீராத வருடம்

நம் கார் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. எஞ்சினுக்குள் போகும் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் பற்றிய பயிற்சிக்கு இளைஞர்கள் ஆர்வமாக வந்தார்கள். ஆனால் அதிகம் பேசப்பட்டது, 1951-இல் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த லெ சேபர் என்ற சோதனைக் கார்தான்.

அதை வடிவமைத்த ஹார்லி எர்ல், 1938-லேயே பியூக் ஒய்-ஜாப் சோதனைக் காரைச் செய்தவர். ஜெட் விமானத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு மோகம். எஃப்-86 சேபர் போர் விமானத்தின் பெயரையே காருக்கு வைத்துவிட்டார். முகப்பின் நடுவே விமானம் காற்றை உள்ளிழுக்கும் வாய் போல முட்டை வடிவத் திறப்பு, அதற்குள் ஒளிந்திருக்கும் ஹெட்லைட்டுகள், பின்னால் விமான வாலைப் போன்ற துடுப்புகள். முதலில் படம் பார்த்தவர்கள் வெறும் பகட்டு என்றே நினைத்தார்கள்.

அப்புறம் எஞ்சின் பக்கம் பேச்சு திரும்பியது. எட்டு சிலிண்டர் கொண்ட அலுமினிய வி-8, சுமார் 3.5 லிட்டர்தான். ஆனால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் உதவியோடு 300 குதிரைத் திறனைத் தாண்டியது. காற்றை இப்படி அழுத்தித் திணித்தால் கலவை தானாகவே வெடித்து எரிந்து எஞ்சின் தட்டும். அதற்காக, வேகம் கூட்டும்போது பெட்ரோலோடு மெத்தனால் என்ற ஆல்கஹாலும் சேர்ந்து போகும். அது ஆவியாகும்போது உள்ளே போகும் கலவை குளிரும். எடை முன்னால் குவியாதபடி கியர்பாக்ஸைப் பின்னால் வைத்தார்கள். நம் மெக்கானிக் உறுப்பினர்கள் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது இரவு வெகுநேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் மழை உணரிதான். இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் அதன் மேல் துளி விழுந்தால், ஆள் இல்லாவிட்டாலும் மடக்கிவைத்த கூரை தானே எழுந்து மூடிக்கொள்ளும். இது 1951-இல்! பல அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட் பேட்டரியில் ஓடிய காலத்தில் இதில் 12 வோல்ட். இதன் பக்கங்கள் வரை வளைந்து சுற்றிவரும் முன்கண்ணாடியோ 1953-லேயே காடிலாக் எல்டொராடோவில் விற்பனைக்கு வந்துவிட்டது. எர்லும் இந்தக் காரை மேடையில் நிறுத்திவைக்காமல் சொந்த வண்டியாகவே சாலையில் ஓட்டினார். சோதனைக் கார் என்றால் இப்படி ஓட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதையொட்டிச் செயற்குழு ஒரு முடிவு எடுத்துள்ளது. வரும் கண்காட்சியில் பாலிஷுக்கு மட்டும் பரிசு கிடையாது. ஒவ்வொரு வண்டியின் அருகிலும், அது புதிதாக முயன்ற தொழில்நுட்பத்தை எழுதிவைக்க வேண்டும்; முடிந்தால் இயக்கியும் காட்ட வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே என்னிடம் சொல்லலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். நன்றி.

செயலாளர்