சில்சாரில் படிக்கும் பிள்ளை எப்படி டிக்கெட் எடுப்பது?

ரயில்வே வாரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

என்ஐடி எனப்படும் மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளில் பாதி இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டுக்கு இருப்பது திருச்சி ஒன்றுதான், அங்கே ரேங்க் எட்டாதவர்கள் மீதிப் பாதியை நம்பி வாரங்கல், பாட்னா, அகர்தலா, அசாமில் இருக்கும் சில்சார் என்று கிளம்புகிறார்கள். கல்விக் கட்டணம் வருடத்துக்கு 1.25 லட்சம், குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழுத் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு, எஸ்சி எஸ்டி மாணவர்களுக்குக் கட்டணமே இல்லை. விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் இந்தத் தள்ளுபடி கிடையாது என்பதையும் பெற்றோர் விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். விட்டுப்போவது போய்வரும் செலவு.

கோவையில் கிளம்பும் சில்சார் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு முறைதான், போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள். விடுமுறைக்கு ஊர் வரும் மாணவருக்கு ஸ்லீப்பரில் 50 சதவீதம், எஸ்சி எஸ்டி மாணவருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு; 2020-இல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதுகூட இதில் கை வைக்கவில்லை, அதற்கு நன்றி. ஆனால் அதை வாங்குவது எப்படி? கல்லூரியில் படிவம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுன்ட்டரில் வரிசையில் நிற்க வேண்டும். ஐஆர்சிடிசி-யில் எடுக்க முடியாது. பயணத்துக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும் நேரத்தில் மாணவர் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார், பண்டிகைக்கால டிக்கெட் அதற்குள் இணையத்திலேயே தீர்ந்துவிடும். அப்புறம் தட்கல்தான், அதில் சலுகை கிடையாது, கட்டணமும் கூடுதல். பாதிக் கட்டணத்தில் வர வேண்டிய பிள்ளை முழுக் கட்டணத்துக்கு மேலே கொடுத்து வருகிறது, அல்லது ஜெனரல் பெட்டியில் கழிப்பறைப் பக்கம் உட்கார்ந்து வருகிறது. (பொங்கலுக்கு வராமல் விடுதியிலேயே இருந்துவிடும் பிள்ளைகளும் உண்டு.)

மாற்றுத்திறனாளிகளுக்கு நீங்களே அட்டை கொடுத்து, அந்த எண்ணை வைத்து இணையத்திலேயே சலுகை டிக்கெட் எடுக்க வழி செய்திருக்கிறீர்கள். மாணவர்களுக்கும் அதையே செய்யலாமே? மாணவர்களுக்கு அபார் எண் என்று ஓர் அடையாள எண்ணை மத்திய அரசே கொடுத்துக்கொண்டிருக்கிறது. சேர்க்கையின்போதே கல்லூரியையும் சொந்த ஊர் ஸ்டேஷனையும் அதோடு பதிந்துவிட்டால் போதும், அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே மட்டும் சலுகை, அதுவும் வருடத்துக்கு இத்தனை முறை என்று கணினியே பார்த்துக்கொள்ளும். படிவத்தை வைத்து ஏமாற்றுவார்கள் என்ற பயம் இருந்தால் அதுவும் இதில் தீரும்.

ஏசி-யில் சலுகை கேட்கவில்லை, புது வண்டியும் கேட்கவில்லை. அடுத்த கல்வியாண்டு சேர்க்கைக்குள் இதைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
வெளிமாநிலத்தில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர்