பாட்டியின் கவுனை உள்ளே புரட்டிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாட்டி காலத்து உடைகள் மறுபடி ஃபேஷனாகியிருப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ரசித்துப் படித்தேன். குரோஷா காலர், முத்துப் பொத்தான் வைத்த கார்டிகன், இடுப்பில் ஒட்டிக் கீழே விரியும் பூப்போட்ட கவுன், எல்லாமே படத்தில் அழகுதான். ஆனால் இவற்றை எங்கே வாங்கலாம் என்று கடைசியில் போட்டிருந்தீர்களே, அங்கேதான் எனக்கு இடறியது. அத்தனையும் புத்தம் புது உடைகள். பழசு போலத் தெரிவதற்காக அண்மையில் தைக்கப்பட்டவை. பிறர் தானமாகக் கொடுத்ததை விற்கும், நிஜமான பழசு தொங்கும் சாரிட்டி கடைகளுக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி!

என்னிடம் என் பாட்டியின் கவுன் ஒன்று இருக்கிறது. வெளியே பார்த்தால் சாதாரணமான நீலக் கவுன். உள்ளே புரட்டினால்தான் விஷயம். பக்கத் தையலுக்கு இரண்டு புறமும் ஒரு இஞ்சுக்கு மேல் துணி விட்டிருக்கிறார்கள். அதில் பழைய தையலின் ஊசித் துளைகள் மூன்று வரிசையாகத் தெரிகின்றன. இரண்டு முறை பிரித்துப் பெரிதாக்கி, ஒரு முறை பிடித்துச் சிறிதாக்கியிருக்கிறார். எந்தப் பிரசவத்துக்கு எந்த வரிசை என்று அம்மா கணக்குச் சொல்வார். கீழ் மடிப்பு நான்கு விரல் அகலம். இப்போது கடையில் வாங்கும் உடையில் ஓவர்லாக் அடித்த கால் இஞ்சுதான் மிஞ்சுகிறது. உடம்பு கொஞ்சம் மாறினாலும் பிரிக்க அதில் ஒன்றுமில்லை.

இதைச் சொல்லி அந்தக் காலத்துப் பெண்களெல்லாம் சிக்கனத் தெய்வங்கள் என்று பூப்போட நான் வரவில்லை. அவர்களுக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தபோது முதல் ஆண்டுக்கு ஒருவருக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 கூப்பன் போய்விடும். ஆறு கவுன் எடுத்தால் அந்த வருஷம் செருப்புக்கூடக் கிடையாது. துணியைக் காப்பாற்ற மடிப்பு இத்தனை, பொத்தான் இத்தனை என்று தையலுக்கே அரசு சட்டம் போட்டது. இன்று நாம் ‘நாற்பதுகளின் எளிமையான வெட்டு’ என்று ரசிப்பதில் பாதி அந்தச் சட்டம் வெட்டியதுதான். 1949 வரை ரேஷன் நீடித்தது. பிறகு பாலியஸ்டர் வந்தபோது, இஸ்திரி வேலை மிச்சம் என்று அதை ஆசையாக வாங்கியவர்களும் இதே பாட்டிகள்தான். என் பாட்டியும் வாங்கினார். அந்தக் கவுன் இன்னும் கிழியவில்லை. அதை உடுத்தத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

சாரிட்டி கடைகளில் இருபது வருஷமாகத் துழாவி வருகிறேன். உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டதைக் கொஞ்சம் சொல்கிறேன். பிடித்த உடை கையில் கிடைத்ததும் கண்ணாடி முன் ஓடாதீர்கள், உள்ளே புரட்டுங்கள். பக்கவாட்டில் உலோக ஜிப் இருந்தால் பெரும்பாலும் அது அறுபதுகளுக்கு முந்தையதாக இருக்கும். நைலான் ஜிப் பரவலானது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் எப்படித் துவைப்பது என்ற குறிப்புச் சீட்டு கட்டாயமானது 1972இல். அமெரிக்க உடையில் அந்தச் சீட்டும் இல்லை, யாரும் வெட்டியெடுத்த தடயமும் இல்லையென்றால் வயது இன்னும் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரே ஒரு அடையாளத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். ஜிப் போனால் மாற்றித்தானே போடுவார்கள்?

சைஸ் எண்ணை நம்பவே கூடாது. பழைய 12 இன்றைய 12ஐவிட நன்றாகவே சிறியது. சுயமரியாதையை வீட்டில் வைத்துவிட்டு இஞ்சு டேப்பை எடுத்துப் போங்கள். துணி எது என்று தெரியவில்லையா? வாங்கி வந்த பிறகு உள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் அடித்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாசனை என்றால் பருத்தி அல்லது ரேயான். உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் பாலியஸ்டர் அல்லது நைலான். (கடையிலேயே செய்து பார்க்க வேண்டாம், தயவுசெய்து.) நூறு வயதைத் தொடும் பட்டு என்றால் இன்னும் கவனம் தேவை. எடை கூட்டுவதற்காக உலோக உப்பில் ஊறவைத்த பட்டு அக்காலத்தில் நிறைய விற்றது. அது மடித்த இடத்தில் தானாகவே கீறி உதிரும். எந்தத் தையல்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அப்புறம், அந்துப்பூச்சி. ஒரு கம்பளிக் கோட்டு அவ்வளவு மலிவாகக் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் நேராக அலமாரியில் மாட்டினேன். மூன்று மாதத்தில் என் நல்ல கார்டிகன்கள் இரண்டு சல்லடை! பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். அதிலும் வியர்வைக் கறை பட்ட இடம் அதற்குப் பிரியம். இப்போதெல்லாம் எந்தக் கம்பளி வந்தாலும் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் அலமாரிக்குள் அனுமதி. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், சரி, சிரிக்கட்டும்.

மலிவு என்பதற்காகவே வாங்குவதும் ஒரு நோய்தான். எனக்கும் உண்டு. தலைக்குப் பொருந்தாத தொப்பிகள் நாலு இன்னமும் கிடக்கின்றன.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1902இல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் குட்வில் அமைப்பைத் தொடங்கியபோது, பழைய துணியைச் சேகரித்து அப்படியே விற்கவில்லை. வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்துப் பழுது பார்க்கச் செய்து, பிறகுதான் விற்றார். இன்று நான் போகும் கடைகளில் பழுது பார்க்க ஆள் இல்லை. பிரித்து அடுக்கவே தன்னார்வலர்கள் போதவில்லை. ஒரே ஒரு பொத்தான் போன அருமையான சட்டைகூட ஒதுக்கப்பட்டுவிடுகிறது. கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரு சின்னக் கோபமும் உண்டு. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது கட்டுவதற்கு மட்டுமா? கொடுக்கும்போதும் கசக்கிக் கொடுக்கலாமே!

அடுத்த முறை இதே விஷயத்தை எடுத்தால் ஒரு பக்கம் ஒதுக்கி, பக்கத் தையலைப் பிரித்துவிடுவது எப்படி, கம்பளியில் விழுந்த ஓட்டையில் இழையோடுவது எப்படி என்று படத்தோடு போடுங்கள். விலாசங்களைவிட அது அதிகம் பேருக்கு உதவும்.

இன்னொன்று. உங்கள் இரண்டாவது படத்தில் அந்தப் பெண் போட்டிருக்கும் கார்டிகனில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் நிறம் கொஞ்சம் வேறாக இருக்கிறது. கட்டுரையில் அது ஒன்றுதான் நிஜமான பழைய உடை என்பது என் ஊகம். சரிதானா என்று விசாரித்து எழுத முடியுமா?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி