கர்னல் அப்டேட்டை நிறுத்தாதீர்கள், ரீபூட்டைப் பிடித்து வையுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத் தமிழ்வழிப் பள்ளிகளில் கணினி ஆய்வகம் பார்க்கும் சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும்,

வணக்கம். நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ராத்திரி உபுண்டு லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தானாகவே அப்டேட் ஆகி, ரீபூட்டும் ஆகி, காலையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் ஒரு கணினியிலும் வைஃபை இல்லை. அதைக் கேள்விப்பட்டுச் சிலர் அப்டேட்டையே அணைத்துவிட்டீர்களாம். தயவுசெய்து திரும்பப் போடுங்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன.

கர்னலோடு சேர்ந்து வராத யூஎஸ்பி வைஃபை டாங்கிள் டிரைவரை டிகேஎம்எஸ் என்ற கருவி ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் அந்தக் கணினியிலேயே கம்பைல் செய்தாக வேண்டும், அதற்கு அதே பதிப்பின் ஹெடர்ஸ் பேக்கேஜ் (கம்பைலுக்குத் தேவையான கர்னல் கோப்புகள்) வேண்டும். உபுண்டுவில் லினக்ஸ்-ஜெனரிக் என்ற பேக்கேஜ் போட்டிருந்தால் கர்னலும் ஹெடர்ஸும் சேர்ந்தே வரும். லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் மட்டும் இருந்தால் கர்னல் வந்துவிடும், ஹெடர்ஸ் வராது, டிரைவர் கம்பைல் ஆகாது, ரீபூட் ஆனதும் வைஃபை இருக்காது. எச்சரிக்கை ஏதாவது வந்தாலும் லாகில் கிடக்கும், ராத்திரியில் அதை யார் பார்ப்பது?

அப்புறம், ராத்திரி அப்டேட் முடிந்ததும் ரீபூட் செய்ய, கைக்குக் கை மாறி வரும் அந்த ஸ்கிரிப்ட். அப்டேட் முடிய ஐந்து நிமிடம் என்று கணக்குப் போட்டு ஸ்லீப் 300 (300 நொடி காத்திரு) என எழுதியிருக்கிறது. பழைய கணினியில் கம்பைல் அதற்குள் முடியும் என்று எப்படிச் சொல்ல முடியும்? பேக்கேஜ்களை ஏற்றும் ஆப்ட், வேலை முடியும்வரை போட்டு வைக்கும் பூட்டு விடுபடும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். இன்னொன்று இதைவிட மோசம்: ஹெடர்ஸ் இருக்கிறதா என்று யுநேம் -ஆர் என்ற கட்டளை கொடுத்துப் பார்க்கிறது. அது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய கர்னலின் பெயரைத்தானே சொல்லும்! பழையதற்கு எல்லாம் சரியாக இருக்கும், ஸ்கிரிப்டும் சரி என்று சொல்லி ரீபூட் செய்துவிடும். பார்க்க வேண்டியது பூட் அடைவில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பதிப்பை. அந்தப் பதிப்பைக் கொடுத்து டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பாருங்கள், இன்ஸ்டால்டு என்று வந்தால் மட்டும் ரீபூட், இல்லையென்றால் பழைய கர்னலிலேயே ஓடட்டும், நாளை ராத்திரி திரும்பப் பார்க்கலாம். உபுண்டுவின் தானியங்கி அப்டேட் கருவியான அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் தானாக ரீபூட் செய்யாது, யாராவது அமைப்பை மாற்றியிருந்தால்தான் செய்யும். அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வைஃபை போய்விட்டதா? கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை வந்துவிடும். உடனே லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் போடுங்கள், அது ஏறும்போதே டிகேஎம்எஸ் புதுக் கர்னலுக்கும் டிரைவரைக் கம்பைல் செய்துவிடும்.